கடந்த ஏழு நாட்களில்

கேள்வி இப்படித்தான் ஆரம்பிக்கும்:
கடந்த ஏழு நாட்களில்
ஏதாவது ஒரு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?

காவேரிப்பட்டணத்தில் டவுன் பஸ் ஏறி
மாங்கூழ் கம்பெனியின் பூட்டிய கேட்டருகே இறங்கினால்
என் பட்டியலின் ஏழாவது வீடு.
கம்பெனிக்கு வைகாசியில்தான் உயிர் வரும்.
இது மாசி.
வாட்ச்மேன் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு
நாற்காலியிலேயே தூங்குகிறார்.
அவர் வேலையில் இருப்பவர்.

மாதம்மாள், வயது நாற்பத்தாறு.
"நான் சும்மாதான் இருக்கறேன் மேடம்."
சொல்லும்போதும் கை நிற்கவில்லை.
கல்லின்மேல் புளியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு,
நாரை உருவி,
கொட்டை இந்தப் பக்கம், சதை அந்தப் பக்கம்.
கிலோவுக்கு என்ன தருகிறார்கள்?
"அதெல்லாம் ஒரு வேலையா?
மண்டிக்காரர் மூட்டையை இறக்கிட்டுப் போறாரு,
பொழுது போவணும்ல."
அவள் பொழுது
விடிகாலை மூன்றரைக்கே போகத் தொடங்குகிறது,
மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது.

சும்மா என்பதற்கு ஒரு எண் இருக்கிறது.
அதை அழுத்தப் போனேன்.
அழிப்பதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது.

மகள் ஹேமாவதி, இருபத்தொன்று.
ஓசூர் செல்போன் கம்பெனி.
இந்த வாரம் நைட் ஷிப்ட், கதவுக்குப் பின்னால் உறங்குகிறாள்.
எழுப்ப வேண்டாம் என்றேன்.
மாதச் சம்பளம், ஆமாம்.
கம்பெனி பஸ், ஆமாம்.
எழுத்தில் ஒப்பந்தம் உண்டா?
"பதினோரு மாசத்துக்கு ஒரு தாளு தருவாங்க.
பன்னெண்டாவது மாசம் வீட்ல இருப்பா.
அப்புறம் வேற ஏஜென்சி, அதே மிஷினு."
எந்த மாதத்தில் கேட்கிறேனோ
அந்த மாதத்து ஹேமாவதிதான் தில்லிக்குப் போவாள்.

புருஷன் சென்றாயன் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறார்.
எட்டு மாதமாக அங்கேதானா?
அப்படியானால் விதிப்படி
இவர் இந்தக் குடும்பத்தில் சேர மாட்டார்.
"ரேஷன் கார்டுல இருக்காரே மேடம்?"
இருக்கிறார். தலைவராகவே இருக்கிறார்.

மகன் திருமூர்த்தி, பி.இ. மெக்கானிக்கல், இருபத்தாறு.
சார்ஜர் ஒயரை விரலில் சுற்றியபடி வந்து நின்றான்.
வேலை செய்தீர்களா? இல்லை.
வேலை தேடினீர்களா?
"தேடிட்டிருந்தேன். போன தீபாவளியோட விட்டுட்டேன்."
வேலை கிடைத்தால் போகத் தயாரா?
சிரித்தான்.
"ஒரு இடத்துல எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னான்,
இன்னொரு இடத்துல வயசு தாண்டிடுச்சுன்னான்.
ரெண்டும் ஒரே வாரத்துல.
போட்டுக்கோங்க, தயார் இல்லன்னு."

போட்டேன்.
தேடுகிறவன்தான் வேலையில்லாதவன்.
தேடாதவன் கணக்குக்கு வெளியே.
இவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த சத்தத்தில்
நாட்டின் வேலையின்மை விகிதம்
கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி குறைந்தது.
அடுத்த அறிக்கையில் அது
நல்ல செய்தியாக வரலாம்.

டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
டவர் இல்லை.
மாதம்மாள் இன்னொரு சுத்தியை என் பக்கம் தள்ளினாள்,
கேட்காமலே.
இரண்டு பேரும் தட்டினோம்.
"உனக்கு இது பர்மனென்ட்டா?" என்றாள் திடீரென்று.
மார்ச் முப்பத்தொன்று வரைக்கும், என்றேன்.
"அப்புறம்?"
இதை யாரும் என்னிடம் வரிசை எண் போட்டுக் கேட்டதில்லை.

நாற்பது நிமிடம் இருக்கும்.
ஒரு மணி நேரம் ஆகவில்லை,
அதனால் அது வேலை இல்லை.

வட்டம் நின்றது.
'சமர்ப்பிக்க' என்று பச்சையாக எழுந்தது.
அழுத்தினேன்.
புளி பிசுபிசுத்த விரலைத்
திரை தெரிந்துகொள்ளவில்லை.
முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி.
மறுபடி.